வழுக்கும் உடம்பில் ஒரு பிடி

எங்கள் ஜிம்மில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் கட்டிப்பிடித்து ஆடும் மல்லுக்கட்டு) வகுப்பு முடிந்து எல்லோரும் தண்ணீர் கேனைச் சுற்றி உட்காரும்போது தவறாமல் கிளம்பும் சண்டை ஒன்று உண்டு. பேங்க் அண்ணன் செய்வது கார்டு பாஸா, இல்லையா? கார்டு என்றால் கீழே இருப்பவன் தன் கால்களால் போடும் தடுப்பு. அதைத் தாண்டிப் பக்கவாட்டில் போய் ஆளை அமுக்குவதுதான் பாஸ். எதிர்க்கட்சித் தலைவர், கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகிற ஒரு தம்பி. மேட்டில் அவன் இந்த நொடி இருக்கும் இடத்தில் அடுத்த நொடி இருக்கமாட்டான். அவன் வாதம் சுருக்கமானது. “அண்ணே, நீங்க பாஸ் பண்ணல. கட்டிப்பிடிச்சு மேல படுத்துக்கிறீங்க. நான் டயர்டானதும் சைடுக்கு வந்துடறீங்க. இதுல டெக்னிக் எங்க இருக்கு?” பேங்க் அண்ணன் நாற்பதைத் தாண்டியவர். ஒரு முழங்காலில் எப்போதும் உறை மாட்டியிருப்பார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. “படுத்தா எந்திரிச்சுப் போயிடேன் தம்பி, யார் வேணாம்னா?” என்பார். எல்லோரும் சிரிப்போம். தம்பி மட்டும் சிரிக்கமாட்டான்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் நானும் தம்பி கட்சிதான். கி என்கிற தடித்த பயிற்சி உடை இல்லாமல் ஆடும் நோ-கிக்கு வரும் புதிதில் எல்லோர் காதிலும் விழுகிற பாடம் ஒன்றுதானே: கி போட்டால் நிதானமாக ஆடு, கி இல்லையென்றால் வேகமாக ஆடு. காரணமும் நியாயமாகத்தான் படும். கி உடையில், கீழே இருப்பவனுக்கு என் சட்டைக் கை, காலர், தொங்கும் முன்மடிப்பு எல்லாமே பிடிமானம். ஸ்பைடர் கார்டு, லாசோ கார்டு, என் சட்டை மடிப்பையே என் காலைச் சுற்றி இழுத்துக் கட்டும் வார்ம் கார்டு என்று எத்தனையோ. ஒவ்வொரு பிடியையும் உடைத்த பிறகுதான் அடுத்த அடி வைக்க முடியும். துணியைக் கழற்றிவிட்டால் இதெல்லாம் போச்சு. அவனால் என்னைப் பிடித்து நிறுத்த முடியாதென்றால் நான் ஓடிச் சுற்றிப் போய்விட வேண்டியதுதானே?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தலைமுறையில் நோ-கியில் மேலே இருந்து ஆடுவதில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் கோர்டன் ரயன். அந்த மனிதர் ஓடுவது அபூர்வம். முட்டி போட்டு உட்கார்கிறார், இடுப்பைக் கட்டுகிறார், இல்லாவிட்டால் எதிராளி தன் ஒரு காலை மட்டும் பூட்டியிருக்கும் ஹாஃப் கார்டுக்குள் போய் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக்கொள்கிறார். அப்புறம் அங்குலம் அங்குலமாக நகர்கிறார். பிடிக்கத் துணியே இல்லாத ஆட்டத்தின் ஆகப் பெரிய ஆட்டக்காரர் இவ்வளவு மெதுவாக ஏன் போகிறார்? இது என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடாமல் செய்தது என்று சொன்னால் மிகைதான். ஆனால் ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது பல தடவை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தாண்டியது கால் மட்டும்

தம்பியின் டொரியாண்டோவைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவனின் இரண்டு முழங்கால்களுக்குக் கீழே கையை வைப்பான், ஒரு பக்கம் தள்ளுவது போல் காட்டுவான், கால்கள் அதை எதிர்த்துத் திரும்பும் அந்தக் கணத்தில் மறுபக்கம் போய்விடுவான். அழகாக இருக்கும். ரவுண்டின் முதல் இரண்டு நிமிடங்களுக்கு ரொம்பவே அழகாக இருக்கும்.

அப்புறம் வேர்வை வருகிறது. சென்னையில் மே மாதத்து மாலையில் மாடி ஹால் ஒன்றில் ரோல் (பயிற்சிச் சண்டை) பண்ணியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டும் ரேஷ் கார்டு பனியனைப் பிழிந்தால் சொட்டும். கணுக்காலைப் பிடித்தால் கையில் நிற்காது. கெண்டைக்காலில் வைத்த கை பாதம் வரை தானாக வழுக்கிப் போய்விடும். கி உடையில் இதே டொரியாண்டோவில் கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கால்களைத் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டு நகரலாம். நம் உடம்பு சுற்றி வருகிற வரையில் அந்தக் கால்கள் அங்கேயே கிடக்கும். நோ-கியில் தள்ளிவிட முடியும், பிடித்து வைக்க முடியாது. தள்ளிவிட்டதற்கும் நாம் போய்ச் சேர்வதற்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி இருக்கிறது. கீழே இருப்பவனுக்கு அந்த ஒரு நொடி போதும்.

தம்பி என்னைத் தாண்டும்போது எனக்கு நடப்பது இதுதான்: அவன் என் பாதங்களைத் தாண்டிவிடுகிறான், சில சமயம் முழங்கால்களையும் தாண்டிவிடுகிறான். ஆனால் என் இடுப்பு இன்னும் என் வசம் இருக்கிறது. தரையில் காலை ஊன்றி இடுப்பைப் பின்னுக்கு நகர்த்துகிறேன், முன்கையை அவன் தோளில் முட்டுக் கொடுக்கிறேன், முழங்கால் மறுபடி நடுவில் நுழைந்துவிடுகிறது. கார்டு திரும்பி வந்துவிட்டது. அவன் மறுபடி தாண்டுகிறான். நான் மறுபடி நுழைக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அவன் என்னைப் பந்தாடுவது போலத் தெரியும். ஆனால் கீழே கிடக்கும் எனக்கு மூச்சு சீராகத்தான் இருக்கும்.

பேங்க் அண்ணனுக்குக் கீழே

அண்ணனோடு ரோல் பண்ணுவதைப் பல பேர் தவிர்ப்பார்கள். நானும் சாமர்த்தியமாக வேறு ஜோடி தேடிக்கொள்கிற ஆள்தான். ஒருநாள் ஆள் குறைவு, தப்பிக்க வழியில்லை. நான் பட்டர்ஃப்ளை கார்டில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு பாதமும் அவர் தொடைகளுக்கு உட்பக்கத்தில். அவர் முட்டி போட்டு வந்தார். என் ஒரு முழங்கை கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். அவர் கை அதற்கு அடியில் போனது தெரிந்தது. அதற்குள் மறு கையும் வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. அவர் காது என் மார்பெலும்பில் ஒட்டியது. அப்படியே என்னைச் சாய்த்து முதுகில் படுக்க வைத்தார்.

பதற்றமில்லை. பட்டர்ஃப்ளையில் மேலே இருப்பவரைத் தூக்கி எறிவதுதானே எனக்குத் தெரிந்த வித்தை? காலை உதைத்துத் தூக்கினேன். தூக்க வேண்டுமானால் என் இடுப்பு முதலில் அவருக்கு அடியில் சரிய வேண்டும். சரியவில்லை. நான் இடுப்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவர் கைகளும் கூடவே வந்தன. கழுத்தைப் பிடித்து நெரிக்கும் கில்லட்டின் போடலாமென்று பார்த்தால் அவர் தலைக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் என் முன்கை போக இடமே இல்லை. தோளைத் திருகும் கிமுரா போடலாமென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கோத்த கையைப் பிரிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் போலிருந்தது. இதற்கிடையில் அவர் தன் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினார். என் பாதங்களின் மேல் இருந்த பாரம் போய்விட்டது, உதைக்க எதுவும் இல்லை. அவர் ஒரு காலைத் தூக்கி என் பாதத்தைத் தாண்டி வைத்து, கெண்டைக்காலைத் தன் கெண்டைக்காலால் தரையோடு அழுத்தினார். என் இரண்டு முழங்கால்களும் ஒரே பக்கம் சாய்ந்தன. நெஞ்சு கூரையைப் பார்க்கிறது, இடுப்பு சுவரைப் பார்க்கிறது. அந்த முறுக்கில் இருந்து ஒருவரால் எந்தப் பலத்தையும் எடுக்க முடியாது. அதற்குப் பிறகு அவர், பக்கவாட்டில் இருந்து நெஞ்சால் அமுக்கும் சைடு கன்ட்ரோலுக்கு வந்து சேர்ந்தது வெறும் சம்பிரதாயம்.

என்னை உலுக்கியது, நடந்தது அத்தனையையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இருந்தது என்பதுதான். தம்பி தாண்டும்போது எனக்கு யோசிக்க நேரமில்லை, ஆனால் இடுப்பு இருக்கிறது. இங்கே நேரம் தாராளமாக இருந்தது, இடுப்பு இல்லை. அவர் என் கால்களோடு சண்டையே போடவில்லை. கால்களை இயக்குகிற இடத்தைப் போய்க் கட்டிவிட்டார், கால்கள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

முடிந்ததும் கேட்டேன், “எப்படிண்ணே இவ்வளவு வேர்வையிலயும் பிடி வழுக்கல?” அவர் யோசிக்கக்கூட இல்லை. “உன்ன எங்க பிடிச்சேன்? என் கையத்தான் நான் பிடிச்சேன்.”

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். நோ-கியில் அடுத்தவன் உடம்பில் போடும் பிடிகளில் பெரும்பாலானவை தற்காலிகம். மணிக்கட்டு, கணுக்கால், கெண்டைக்கால் எல்லாமே நழுவும். எல்லோருக்கும் எப்போதும் மிச்சமிருக்கிற ஒரே நம்பகமான பிடி, நம் கையை நாமே கோத்துக்கொள்கிற பிடி. நடுவில் எதிராளியின் இடுப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். துணி இல்லாதது கீழே இருப்பவனுக்குத்தான் நஷ்டம் என்று நாம் போட்ட கணக்கு பாதி சரி. நஷ்டம் மேலே இருப்பவனுக்கும் உண்டு. அதை ஈடுகட்டத்தான், இப்படி இடுப்பைச் சுற்றிக் கை கோத்துக் கட்டும் பாடி லாக். ஓடுவதால் அது ஈடாகாது, ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்திலும் பிடிக்க ஒன்றும் இருக்காதே.

நின்றால் காலுக்கு ஆபத்து

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் ஜிம்முக்கு வெளியே, பெரிய மேடைகளில் தீர்மானமானது. டொரியாண்டோவுக்கும், எதிராளியின் காலைக் குறுக்கே இழுத்துத் தாண்டும் லெக் டிராகுக்கும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். எழுந்து நின்றால் நம் கால்கள் எதிராளியின் கால்களுக்கு நடுவே நிற்கின்றன. ஒரு காலத்தில் அதில் பெரிய ஆபத்தில்லை. குதிகாலைத் திருகி முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக்கைத் தேடிப் போகிறவர்கள் குறைவு, தேடிப் போனாலும் அதை ஏதோ குறுக்கு வழி போல முகம் சுளித்துப் பார்ப்பார்கள். நியூயார்க்கில் ரென்ஸோ கிரேசியின் அகாடமியில் பயிற்சியாளர் ஜான் டேனஹர் வளர்த்த பிள்ளைகள் அதை மாற்றினார்கள். எட்டி கம்மிங்ஸ், கேரி டோனன், அப்புறம் ரயன். 2014-இல் எட்டி பிராவோ தொடங்கிய இ.பி.ஐ. போட்டிகள், புள்ளியே இல்லாமல், எதிராளியைச் சரணடைய வைக்கும் சப்மிஷனுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்து, இவர்களுக்கு நல்ல மேடையாக அமைந்தன. அதுவரை கீழே இருப்பவனின் காலை நாம் தாண்ட வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தோம். நம் காலையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

இதை மறக்க முடியாதபடி காட்டியவர் ஆஸ்திரேலியாவின் லாக்லன் ஜைல்ஸ். 2019-இல் கலிபோர்னியாவின் ஆனஹைமில் நடந்த ஏ.டி.சி.சி. என்ற பெரிய நோ-கி போட்டியில் 77 கிலோ பிரிவில் முதல் சுற்றிலேயே லூகாஸ் லெப்ரியிடம் தோற்று வெளியேறினார். எடை வரம்பில்லாத அப்சல்யூட் பிரிவில் அவருக்கு எதிராக வந்தவர், 99 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவை அதே போட்டியில் வென்றிருந்த கைனன் டுவார்ட்டே. ஜைல்ஸ் கீழே உட்கார்ந்தார், காலுக்குள் புகுந்தார், ஹீல் ஹூக். அடுத்து பாட்ரிக் கவுடியோ, அவருக்கும் அதே. அரையிறுதியில் ரயனிடம் தோற்ற பிறகு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மகமத் அலி. மறுபடி ஹீல் ஹூக். மூன்று பேருமே அவரைவிட எவ்வளவோ கனமானவர்கள். காலைச் சுற்றின பாம்பு கடிக்காமல் விடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் செய்து காட்டியதில்லை. ஹீல் ஹூக்கை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்த ஐ.பி.ஜே.ஜே.எஃப். என்ற சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்புகூட 2021 முதல் பெரியவர்களின் நோ-கி போட்டிகளில் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு அதை அனுமதித்துவிட்டது.

முட்டி போட்டு இடுப்பைக் கட்டுகிறவனுக்கு இந்த ஆபத்து கணிசமாகக் குறைகிறது. குதிகால் பின்னால் இருக்கிறது, நெஞ்சு நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது, காலுக்குள் புகுவதற்கு எதிராளி முதலில் தன் இடுப்பை விடுவித்து அடியில் சுழல வேண்டும். அந்த இடுப்புதான் கட்டப்பட்டிருக்கிறதே. பாடி லாக் மெதுவாக இருப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. வேகம் வேண்டுமென்றால் தூரம் வேண்டும், தூரம் இருந்தால் கால் மாட்டும்.

கட்டுவதற்கு முன்

இதையெல்லாம் நான் ஆர்வமாக எடுத்துச் சொன்னபோது தம்பி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று நினைத்தேன். போட்டுக்கொண்டிருக்கிறான். அடுத்தடுத்த வாரங்களில் அவன் கீழே உட்காரும் விதம் மாறியது. முழங்கை எப்போதும் முழங்காலோடு ஒட்டியிருக்கும். அண்ணன் கை அக்குளுக்கு அடியில் வரப் பார்த்தால் முழங்காலைக் குறுக்கே உயர்த்தித் தோளில் முட்டுக் கொடுத்துவிடுவான். கை கோக்க விடாவிட்டால் பாடி லாக் என்று ஒன்று இல்லவே இல்லை. கோத்த பிறகு தப்பிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில், பிந்திவிட்டீர்கள் என்பதுதான். அங்கிருந்தும் வழிகள் உண்டு, ஒரு கையை அவர் தோளுக்கு மேல் சுற்றி ஓவர்ஹூக் போட்டு ஒரு பக்கம் கவிழ்க்கப் பார்க்கலாம். ஆனால் எல்லாமே கடன் வாங்கிச் செலவு செய்கிற நிலைமை.

அண்ணன் என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம். உறை போட்ட முழங்காலோடு எழுந்து நின்றார். தம்பியின் கால்களை ஒரு பக்கம் தள்ளினார். சாட்சாத் டொரியாண்டோ. சுற்றிப் போக அல்ல. கால்கள் விலகி, தம்பி அதைத் திரும்பக் கொண்டுவரக் கையைத் தரையில் ஊன்றும் அந்த நேரம், முழங்கை முழங்காலை விட்டுப் பிரிகிறது. அந்த இடைவெளிக்குள் விழுந்து கையைக் கோத்துவிட்டார். ஆக வேகம் அவரிடமும் இருக்கிறது, அதை எங்கே செலவழிப்பது என்பதில்தான் அவர் கஞ்சன். கால்களைத் தாண்டுவதற்காகத் தம்பி ஓடினான், பிடி கிடைப்பதற்காக இவர் ஓடினார். மெதுவா வேகமா என்று நாங்கள் கேனைச் சுற்றி அடித்துக்கொண்டதெல்லாம் கேள்வியே இல்லாத கேள்வி என்று அன்றைக்குத் தோன்றியது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு விஷயத்தை நான் மறுக்கமாட்டேன்: பார்ப்பதற்கு இது அலுப்பு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் முன்னால் ஒருவர் இன்னொருவரின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் கிடந்தால் அவன் போனைத்தான் எடுப்பான். 2024 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் கிரெய்க் ஜோன்ஸ் நடத்திய போட்டியில் மேட்டின் ஓரங்களில் சாய்வான சுவர் வைத்ததே, ஆட்டம் நின்று நின்று தொடங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான். அதெல்லாம் அவர்கள் கவலை. நான் வாரக் கடைசியில் சொந்த முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுகிறவன், என் ஆட்டத்தை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை.

எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடாதது, பாஸ் எங்கே முடிகிறது என்பது. கி உடையில் சைடு கன்ட்ரோலுக்கு வந்துவிட்டால் காலரைப் பிடித்து ஆளை மல்லாக்க வைத்திருக்கலாம். நோ-கியில் இடுப்பு முறுகிய அந்தக் கட்டத்தில் புத்திசாலியான எதிராளி சைடு கன்ட்ரோலைக் கொடுப்பதில்லை. மறுபக்கம் திரும்பிக் குப்புறப் போய் ஆமை போல் ஒடுங்கி டர்ட்டிலாகிவிடுகிறான். மல்யுத்தத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறியது, இரண்டு தோளும் தரையில் பட்டால் தோல்வி என்று பழகியவர்கள் அவர்கள். பாஸுக்கு ஐ.பி.ஜே.ஜே.எஃப்.பிலும் ஏ.டி.சி.சி.யிலும் 3 புள்ளி. ஆனால் ஆளை 3 நொடி நிறுத்தி வைத்தால்தான் அது கைக்கு வரும். குப்புறத் திரும்பிவிட்டால் ஐ.பி.ஜே.ஜே.எஃப்.பில் ஒரு அட்வான்டேஜ் (புள்ளி சமமானால் பார்க்கும் சிறு மதிப்பு) கிடைக்கலாம். ஏ.டி.சி.சி.யில் அதுவும் இல்லை. அங்கே ஆள் மேல் ஏறி உட்காரும் மவுண்ட்டுக்கு 2 புள்ளிதான், முதுகில் ஏறி இரண்டு காலையும் கொக்கி போட்டால் 3.

புள்ளிக் கணக்கை இப்படி அடுக்கிப் பார்த்தால், ஏ.டி.சி.சி.யில் திரும்புகிறவனை மல்லாக்க இழுத்து வைக்கப் போராடுவதைவிட முதுகை வாங்கிக்கொள்வதுதான் லாபம். புள்ளியும் அதே மூன்று, அதன் கூடவே கழுத்தும் கிடைக்கிறது. 2022 ஏ.டி.சி.சி. சூப்பர்ஃபைட்டில், 2013-இல் இருந்து அந்த மேடையில் தோற்காத ஆந்த்ரே கல்வாவை ரயன் முடித்ததும் பின்னால் இருந்து கழுத்தை நெரித்துத்தான். எங்கள் ஜிம்மில் மட்டும் ஏனோ, எதிராளி திரும்பிவிட்டால் பாஸ் கெட்டுப்போச்சு என்று கையை விட்டுவிடுகிறார்கள். கோத்த கை இடுப்பைச் சுற்றி அப்படியே இருக்கும்போது ஏன் விட வேண்டும்? திரும்பினால் திரும்பட்டும், அந்தக் கட்டு இப்போது முதுகுப் பக்கத்தில் இருந்து போட்ட கட்டாகிவிட்டது, ஒரு காலை உள்ளே நுழைத்தால் பாதி வேலை முடிந்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இதில் உடன்பாடில்லை. முதுகில் ஏறினால் முழங்கால் மடங்குகிறது என்கிறார்.